வலைக்கூட்டில் இரண்டு காலி பாட்டில்

எங்கள் குடியிருப்பில் என் அத்தானுக்கு ஆமைக்காரர் என்று பெயர். கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் அவர் ஆமை வளர்க்கிறார் என்கிறார்கள். மேல்தளத்தில் இருப்பவர்கள் விற்கிறார் என்கிறார்கள். ஒரு புண்ணியவான், ஆமைக்கறி தின்றுதான் மனுஷன் இந்த வயதிலும் மூச்சு வாங்காமல் படியேறுகிறார் என்று சொல்லிக்கொண்டு திரிந்தான். கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. மூன்று பேர் சொன்னதும் பொய். அதனால் நானே எழுதிவிடுவது என்று உட்கார்ந்துவிட்டேன்.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். லிஃப்ட் மெக்கானிக். ஆஸ்பத்திரி, கல்லூரி, அலுவலகம் என்று இந்த ஊரில் எந்தக் கட்டடத்தில் லிஃப்ட் முனகினாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். லிஃப்டுக் குழிக்குள் இறங்குவதற்கு முன்னால் மெயின் சுவிட்சை அணைத்து, அதன் மேல் தன்னுடைய சொந்தப் பூட்டு ஒன்றைப் போட்டுப் பூட்டி, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். உள்ளே ஆள் இருப்பது தெரியாமல் வேறு யாரும் சுவிட்சைப் போட்டுவிடக் கூடாது. "ஒரு நிமிஷ வேலைக்கு எதுக்கு சார் பூட்டு?" என்று கேட்கிற அவசரக்குடுக்கைகள் எல்லாக் கட்டடத்திலும் உண்டு. அவர் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் கை வைப்பார். அவருக்குப் பத்து விரலும் இருக்கிறது. அந்தத் தொழிலில் அது ஒரு பட்டம் வாங்கினதற்குச் சமம்.

ஆமை வந்து சேர்ந்ததும் லிஃப்ட் வழியாகத்தான். பல்கலைக்கழகத்தில் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது. இவர் போய்க் கதவைக் கையால் விலக்கினால், உள்ளே ஒரு பெண். கையில் பெரிய வாளி. "முதல்ல இதைப் பிடிங்க சார்" என்று வாளியை மேலே நீட்டினாளாம். இவர் வாங்கிப் பார்க்க, உள்ளிருந்து ஒரு ஆமை கழுத்தை நீட்டி, ஏன்யா இவ்வளவு நேரம் என்கிற மாதிரி முறைத்திருக்கிறது. அத்தான் இந்த இடத்தில் எப்போதும் தானும் கழுத்தை நீட்டி முறைத்துக் காட்டுவார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள். அப்போது அவளுக்கு இரண்டு கையும் விளங்கின.

அந்தப் பெண் கால்வாய் ஆமைகளைப் பற்றி ஆராய்ச்சி செய்கிறவள். எங்கள் வீட்டில் ஆராய்ச்சியம்மா. ஆமை பிடிக்கிற வலைக்கூட்டின் கம்பி வளையங்கள் வளைந்துபோகின்றன என்று அவள் சொல்ல, கொடுங்கள் பற்றவைத்துத் தருகிறேன் என்று இவர் வாங்கிவந்தார். சரிசெய்த கூட்டைக் கொண்டுபோய்க் கொடுத்தவர், தண்ணீரில் அது எப்படி நிற்கிறது என்று பார்க்க ஒரு நாள் போனார். அவ்வளவுதான். ஆமை பிடிக்கிற ஒவ்வொரு பருவத்திலும் தன்னார்வலராகப் போக ஆரம்பித்துவிட்டார். ஆமை என்றால் நம் ஆட்கள் என்னென்ன சொல்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் அவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

ஆராய்ச்சி என்றதும் வெள்ளைக் கோட்டும் கண்ணாடிக் குழாயும் என்று நினைத்துவிடாதீர்கள். தொழிற்சாலை மதிலுக்குப் பின்னால் ஓடுகிற கால்வாய். முழங்கால் வரை சேறு. சாயங்காலம் கூடுகளைத் தண்ணீரில் இறக்கி, உள்ளே ஓட்டை போட்ட மீன் டப்பாவைக் கட்டிவிட்டு வரவேண்டும். காலையில் போய்த் தூக்கவேண்டும். மாட்டிய ஆமையை அளந்து, துணிப்பையில் போட்டு எடை பார்த்து, புதியதாக இருந்தால் ஓட்டின் விளிம்பில் அரத்தால் சின்ன வெட்டுப் போட்டு அடையாளம் வைத்து, திரும்பத் தண்ணீரிலேயே விடவேண்டும். பிடிப்பது, விடுவது, விட்டதையே மறுபடி பிடிப்பது. இப்படி வருஷக்கணக்காகச் செய்தால்தான் ஆமைகள் கூடுகின்றனவா குறைகின்றனவா என்று சொல்ல முடியுமாம். "குறையுதுன்னு தெரிஞ்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டேன். "குறையுதுன்னு சொல்வோம்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆமை தண்ணீரில் வாழ்ந்தாலும் நம்மைப் போலக் காற்றைத்தான் சுவாசிக்கிறது. அதனால் கூட்டின் மேல்பக்கம் எப்போதும் தண்ணீருக்கு வெளியே இருக்கவேண்டும். மேலே உள்ள மதகை எவன் எப்போது திறப்பான் என்று தெரியாது; திறந்தால் கால்வாய் மளமளவென்று ஏறிவிடும். அதற்காகத்தான் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் மூடி இறுக்கிய இரண்டு காலி பாட்டில்களைக் கட்டுவார்கள். தண்ணீர் ஏறினால் பாட்டில் மிதக்கும், கூடும் சேர்ந்து மேலே வரும், உள்ளே இருக்கிற ஆமை மூக்கை வெளியே நீட்டிக்கொள்ளும். இவர் வீடு வீடாகப் போய்க் காலி பாட்டில் கேட்டு வாங்கியதைப் பார்த்துவிட்டு, ஆமைக்காரர் குடிக்கவும் ஆரம்பித்துவிட்டார் என்று கீழ்த்தளத்தில் பேசிக்கொண்டார்கள்.

அக்காவுக்குப் பக்கவாதம் வந்தது அதற்குப் பிறகுதான். வலது பக்கம் முழுவதும் போய்விட்டது. பேச்சும் போய்விட்டது. அத்தான் வேலையை விட்டார். ஆஸ்பத்திரிக் கட்டில் ஒன்றை வாங்கிவந்து நடு அறையில் போட்டார். இரவும் பகலும் சில மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். இல்லாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். திருப்புவார், துடைப்பார், கரண்டியால் ஊட்டுவார், மாத்திரை கொடுப்பார். அக்காவுக்கு இடது கை மட்டும் இருந்தது. கட்டிலின் கம்பியில் ஒரு தட்டு தட்டினால் ஆமாம். இரண்டு தட்டு என்றால் வேண்டாம். பேச்சே இல்லாமல்கூட அவளால் சண்டை போட முடிந்தது. நான் வைத்த கஞ்சிக்கு அவள் தட்டிய இரண்டு தட்டு எதிர்வீட்டுக்குக் கேட்டிருக்கும்.

ஆமைப் பருவம் வந்தால் மட்டும் சாயங்காலமும் காலையிலும் அவர் கால்வாய்க்குப் போவார், நான் அக்காவோடு இருப்பேன். நான் மருந்துக் கடையில் வேலை பார்க்கிறேன். அதனால் என்னை டாக்டரம்மா என்றுதான் கூப்பிடுவார். அவர் போய்வருகிற அந்தக் கொஞ்ச நேரமும் எனக்கு வயிற்றெரிச்சல்தான். எனக்கும் தூக்கம் வேண்டும், எனக்கும் முதுகு வலிக்கிறது. இவர் ஆமைக்குக் காவல் போகிறார், இவர் வீட்டுக்கு நான் காவல். சொல்லவும் முடியாது. வெளியே போய்விட்டு வருகிற அன்றைக்கு மட்டும்தான் அவர் முகத்தில் ஆள் நடமாட்டம் தெரிந்தது.

இப்படியே வருஷங்கள் ஓடின. போன பருவத்தில் நான் அவரைச் சரியாகப் பார்த்தேன். சட்டை தோளில் தொங்கியது. டீயைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கினார். பேசிக்கொண்டே இருக்கும்போது நின்றுபோனார். அக்கா பையன் வெளியூரிலிருந்து போன் செய்தான்.

"சித்தி, அம்மாவை நல்ல ஹோம்ல சேத்துடலாம். அங்க நம்ம வீட்டுப் பக்கத்துலயே ஒண்ணு இருக்கு, விசாரிச்சுட்டேன். நர்ஸ் எல்லாம் உண்டு. அப்பா இப்படியே போனா அவரும் படுத்துடுவாரு."

"நீயே உங்கப்பாகிட்ட சொல்றதுதானே?"

"நான் சொன்னா போனை வச்சுடறாரு. நீங்க சொன்னா கேப்பாரு சித்தி."

நான் சொன்னால் அவர் எதையும் கேட்டதில்லை. ஆனாலும் பையன் சொன்னதில் தப்பில்லை என்று எனக்கும் தோன்றியது. அக்கா காதில் விழும்படி இதை வீட்டில் பேச முடியாது. அதனால் ஒரு நாள் காலையில் நானும் அவரோடு கால்வாய்க்குப் போவது, அங்கே வைத்துச் சொல்லிவிடுவது என்று முடிவுசெய்தேன். எதிர்வீட்டுத் தையல்காரம்மாவை அக்காவிடம் உட்காரச் சொன்னேன். என்ன சொல்லவேண்டும் என்று படியேறும்போதே மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். அத்தான், நீங்க அக்காவுக்குக் குறையே வைக்கல, ஆனா இனிமே முடியாது. அவ்வளவுதான். சின்ன வாக்கியம்தான்.

உள்ளே போனேன். அத்தான் அக்காவுக்குத் தலை வாரிவிட்டுக்கொண்டிருந்தார். சமையலறை வாசலில் ஒரு துணிப்பை கிடந்து என் காலைத் தட்டியது. எனக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே.

"வழியில எதுக்கு இந்தக் குப்பை?" என்று பையைத் தூக்கிக் காட்டினேன். உள்ளே இரண்டு காலி பாட்டில்கள் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டன.

அத்தான் சீப்பை வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"மிச்சமா அது?" என்றேன்.

"மிச்சமே கிடையாது. கூட்டுக்கு ரெண்டுன்னு நேத்து எண்ணித்தான் எடுத்துட்டுப் போனேன்" என்றார். சீப்பு அக்கா தலையிலேயே நின்றது. அவர் படியில் இறங்கி ஓடினார்.

தையல்காரம்மாவுக்குக் குரல் கொடுத்துவிட்டு நானும் ஓடிப்போய் ஸ்கூட்டரில் பின்னால் ஏறிக்கொண்டேன். மதகைத் தாண்டும்போதே தெரிந்தது. இரவு எங்கேயோ மழை, திறந்துவிட்டிருந்தார்கள். கால்வாய் கலங்கிப் போய் மண்நிறமாகக் கரையைத் தொட்டுக்கொண்டு போயிற்று. மற்றக் கூடுகள் எல்லாம் மேலே வந்து சாதுவாக மிதந்தன. சின்னப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கம்பு மட்டும் நின்றது. கம்பில் கட்டிய கயிறு நேராகத் தண்ணீருக்குள் போனது.

செருப்பைக்கூடக் கழற்றாமல் இறங்கினார். மார்பு வரை தண்ணீர். இரண்டு கையாலும் கூட்டைத் தூக்கிக் கரையில் போட்டார். உள்ளே ஒரே ஒரு ஆமை. பெரியது. கழுத்தும் காலும் வெளியே தொங்கின. எனக்கே அதை அடையாளம் தெரிந்தது. ஓட்டில் பின்பக்கம் ஒரு பழைய உடைசல். அத்தான் அதை மேனேஜரம்மா என்பார். எடை பார்க்கத் தூக்கும்போதெல்லாம், யாரைக் கேட்டுத் தூக்குகிறாய் என்று பார்க்குமாம். பருவம் தவறாமல் மாட்டுகிற பழைய ஆள். மீன் டப்பாவின் ருசி அப்படி.

அத்தான் அதன் கண்ணைத் தொட்டார். வாலைத் தொட்டார். ஒன்றும் இல்லை. தலையைக் கீழ்ப்பக்கமாகப் பிடித்தார். வாயிலிருந்து தண்ணீர் கொட்டியது. முன்னங்கால் இரண்டையும் உள்ளே தள்ளி வெளியே இழுத்தார். தள்ளி, இழுத்து. தள்ளி, இழுத்து. அப்படியே என்னைப் போன் போடச் சொன்னார். ஆராய்ச்சியம்மா மறுமுனையில் கத்தவில்லை. கத்தியிருந்தால் அவருக்கு நன்றாக இருந்திருக்கும்.

"வால் பக்கம் உயரமா வைங்க சார். ஈரத்துணி போடுங்க, ஆனா தண்ணியில விடாதீங்க. நிழல்ல இருக்கட்டும். செத்த மாதிரியேதான் இருக்கும். நாளைக்குக் காலைல வரைக்கும் செத்துடுச்சுன்னு எழுதாதீங்க. நான் சாயங்காலம் வந்துடறேன்."

கரையில் நிழல் இல்லை. காக்கைகள் மதிலில் வந்து உட்கார்ந்துவிட்டன. அக்காவைத் திருப்புகிற நேரமும் ஆகிவிட்டது. மற்றக் கூடுகளில் இருந்தவற்றைத் தண்ணீரில் விட்டுவிட்டு, மேனேஜரம்மாவை என் துப்பட்டாவில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். கால் ஒன்று என் முழங்காலில் துவண்டு துவண்டு இடித்தது. சொல்ல வந்ததைச் சொல்ல இது நேரமில்லை என்று எனக்குத் தெரிந்தது. எது நேரம் என்றுதான் தெரியவில்லை.

வீட்டில் குளுமையான இடம் அக்கா படுத்திருக்கிற அறை ஒன்றுதான். துணி துவைக்கிற பிளாஸ்டிக் தொட்டியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் போட்டு, மடித்த துண்டின் மேல் வால் பக்கத்தை உயர்த்தி, அதை வைத்தார். அக்கா கண்ணை மட்டும் திருப்பிப் பார்த்தாள்.

"மேனேஜரம்மா" என்று அவளுக்கு அறிமுகம் செய்தார். "நான்தான் முக்கிட்டேன்."

அன்று நான் கடைக்கு லீவு சொன்னேன். அத்தான் அந்த அறையை விட்டு நகரவில்லை. அக்காவைத் திருப்புவார், முதுகைத் துடைப்பார். பிறகு தரையில் உட்கார்ந்து ஆமையின் காலைத் தள்ளி இழுப்பார். துணி காய்ந்தால் நனைத்துப் பிழிந்து போடுவார். கண்ணைத் தொடுவார், வாலைத் தொடுவார். எழுந்து அக்காவுக்குக் கரண்டியில் தண்ணீர். மறுபடி தரை. நடுவில் சுவரில் சாய்ந்தபடி கண் சொக்கிவிடும். தலை தொங்கியதும் திடுக்கிட்டு முழித்து, முதலில் கட்டிலைப் பார்ப்பார், பிறகு தொட்டியைப் பார்ப்பார். சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. டீ ஆறி ஆடை கட்டிக் கிடந்தது.

மத்தியானம் தாண்டியது. ஆமையில் ஒரு மாற்றமும் இல்லை. எனக்குப் பொறுமை போய்விட்டது. அவர் மேல் இரக்கம் வந்தால் எனக்கு அது கோபமாகத்தான் வெளியே வரும். என் பிறவி அப்படி.

"போதும் அத்தான். செத்ததைப் பக்கத்துல வச்சுக்கிட்டு இன்னும் எத்தனை நாள் உக்காந்திருப்பீங்க?"

சொல்லி முடித்தபோதுதான் எங்கே நின்று சொல்கிறேன் என்று உறைத்தது. அத்தானின் கை ஆமையின் காலில் நின்றது. அவர் என்னைப் பார்க்கவில்லை. அக்கா பார்த்தாள். நேராக என்னைத்தான் பார்த்தாள். அவள் கம்பியைத் தட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். நான் சமையலறைக்குப் போய், கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

வெயில் சாய்கிற நேரத்தில் அக்கா கம்பியைத் தட்டுகிற சத்தம் கேட்டது. ஒன்று இரண்டு இல்லை, நிறுத்தாமல் தட்டினாள். நான் ஓடினேன். அத்தான் சுவரில் சாய்ந்து தூங்கிப்போயிருந்தார். எழுந்து, "என்ன, திருப்பணுமா?" என்று அவள் தோளுக்கடியில் கையைக் கொடுத்தார். இரண்டு தட்டு. "தண்ணியா?" இரண்டு தட்டு. அவள் கண் தொட்டியில் இருந்தது. நாங்கள் இருவரும் குனிந்தோம். துண்டுக்கு அடியிலிருந்து ஒரு பின்னங்கால் வந்து பிளாஸ்டிக்கைச் சுரண்டியது. நின்றது. மறுபடி சுரண்டியது. அத்தான் துணியை விலக்கினார். மேனேஜரம்மா ஒரு கண்ணைத் திறந்து, யாரைக் கேட்டு இங்கே கொண்டுவந்தாய் என்று பார்த்தது.

அத்தான் தரையில் உட்கார்ந்து, முகத்தை அந்த ஈரத்துணியாலேயே மூடிக்கொண்டு அழுதார். அக்காவின் வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு போனது, அது சிரிப்பு. நான் என்ன செய்தேன் என்று கேட்காதீர்கள். எனக்கும் மூக்கு ஒழுகியது.

ஆராய்ச்சியம்மா வந்து பார்த்து, காலையில் விட்டுவிடலாம் என்றாள். "இது எல்லாருக்கும் ஒரு தடவை நடக்கும் சார்" என்று ஆறுதல் சொன்னாள். அத்தான் தலையாட்டினார். அவள் போனதும் சமையலறைக்கு வந்து, நான் வைத்த தட்டுக்கு முன்னால் உட்கார்ந்தார். நல்லவேளை, ஆமை பிழைத்தது. இனி கொஞ்ச நாளைக்கு ஹோம் பேச்சை எடுக்க வேண்டாம், மனுஷன் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"டாக்டரம்மா" என்றார். "வாழ்நாள் பூரா லிஃப்ட்ல கை வச்சேன். ஒரு நாள்கூடப் பூட்டுப் போட மறந்ததில்ல."

"தெரியும் அத்தான். சாப்பிடுங்க."

"நேத்து அந்தக் கூட்டை நான்தான் இறக்கினேன். பாட்டில் கட்டின மாதிரியே ஞாபகம் இருக்கு. முடிச்சுப் போட்டதுகூட ஞாபகம் இருக்கு. ஆனா கட்டல."

நான் தட்டை அவர் பக்கம் நகர்த்தினேன்.

"போன வாரம் அவளுக்கு பிரஷர் மாத்திரையை ரெண்டு தடவை கொடுத்துட்டேன். காலைல கொடுத்தது மறந்துபோய் மறுபடியும் கொடுத்தேன். கை கால் எல்லாம் ஜில்லுனு ஆயிடுச்சு அவளுக்கு. ராத்திரி பூரா நாடியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். உன்கிட்ட சொல்லல. சொன்னா நீ கத்துவ."

அந்த மாத்திரையைத் தினமும் கையில் எடுத்து விற்கிறவள் நான். இரண்டு மடங்கு போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை. அன்றைக்கு நான் கத்தவில்லை.

"இன்னைக்கு அது முழிச்சுக்கிச்சு" என்றார். "ஒவ்வொரு தடவையும் முழிச்சுக்குமா? பையன் சொன்ன ஹோம்ல இடம் இருக்கான்னு கேளு."

நான் படியேறும்போது மனதுக்குள் ஓட்டிப் பார்த்த வாக்கியம் அவர் வாயிலிருந்து வந்துவிட்டது. எனக்கு அதைக் கேட்கப் பிடிக்கவில்லை. "நான் லீவு போட்டுட்டு வர்றேன் அத்தான். கொஞ்ச நாள் நான் இங்கயே இருக்கேன். மாத்திரையை நான் கொடுக்கறேன்" என்று என்னென்னவோ சொன்னேன்.

"அப்புறம்? நீயும் தூங்கணும்ல" என்றார். தட்டில் இருந்ததை முழுவதும் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவினார். பிறகு அக்காவிடம் போனார். நான் கதவருகில் நின்றேன்.

அவர் சுற்றி வளைக்கவில்லை. மாத்திரை விஷயத்தைச் சொன்னார். பாட்டில் விஷயத்தைச் சொன்னார். "என்னால முடியலம்மா" என்றார். இத்தனை வருஷத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை. ஹோம் எங்கே இருக்கிறது, தினமும் தான் வந்து ஊட்டிவிட்டுப் போவது, எல்லாம் சொன்னார்.

"கோபமா?"

ஒரு தட்டு. பலமாக.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே, "போலாமா?" என்றார்.

அக்கா மேலே மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொட்டிக்குள் மேனேஜரம்மா சுரண்டிக்கொண்டே இருந்தது. அவள் கை கம்பியின் மேலேயே இருந்தது, தூக்கவில்லை. அத்தான் காத்திருந்தார். காத்திருப்பதில் அவரை யாரும் மிஞ்ச முடியாது. கடைசியில் ஒரு விரல் மட்டும் எழுந்து கம்பியைத் தொட்டது. தட்டு என்று சொல்ல முடியாது. ஆனால் ஒன்றுதான்.

சேர்க்கிற நாள் அந்தப் பருவத்தின் கடைசி வாரத்தில் வந்தது. பையன் வந்து எல்லாவற்றையும் செய்துவிட்டு ரயிலைப் பிடிக்கப் போனான். அத்தான் அங்கிருந்த நர்ஸிடம் எந்தப் பக்கம் முதலில் திருப்ப வேண்டும், கரண்டியை எந்தக் கோணத்தில் பிடிக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். அவள் பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள். கட்டிலின் கம்பியைத் தன் விரலால் தட்டிப் பார்த்து, சத்தம் வருகிறதா என்று சோதித்தார். மாத்திரைகளை நான் பெயர் சொல்லி ஒப்படைத்தேன். வெளியே வந்ததும், "கூடு இறக்கணும்" என்றார். இன்றைக்குமா என்று வாய்வரை வந்தது. விழுங்கிக்கொண்டு கூடவே போனேன். ஒவ்வொரு கூட்டிலும் அவர் பாட்டிலைக் கட்டினார், நான் இழுத்துப் பார்த்தேன். அதற்குப் பிறகு அவரும் ஒருமுறை இழுத்துப் பார்த்தார்.

மறுநாள் காலையில் போய்க் கதவைத் தட்டினேன். திறக்கவில்லை. என்னிடம் இருந்த சாவியால் திறந்து உள்ளே போனேன். அத்தான் நடு அறையில், அக்காவின் கட்டிலில், செருப்போடு படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. நான் பக்கத்தில் போய் மூச்சு வருகிறதா என்று பார்த்தேன். குறட்டையே வந்தது. ஒரு கை கம்பியின் மேல் கிடந்தது. இத்தனை வருஷத்தில் அவர் படுத்துத் தூங்கி நான் பார்த்ததில்லை. செருப்பைக் கழற்றி வைத்தேன். அவருக்குத் தெரியவில்லை.

அவருடைய தராசையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு நானே கால்வாய்க்குப் போனேன். ஆராய்ச்சியம்மா மட்டும் வந்திருந்தாள். கூடுகள் எல்லாம் ஒழுங்காக மிதந்தன. பாலத்தடியில் இருந்ததைத் தூக்கினால், உள்ளே மேனேஜரம்மா. மீன் டப்பாவை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"உனக்குப் புத்தியே வராதா?" என்றேன். அது என்னை முறைத்தது. எடை பார்த்து, தண்ணீரில் விட்டேன். திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டது.

சேறு காயாமல் அப்படியே ஹோமுக்குப் போனேன். அக்கா ஜன்னல் பக்கம் பார்த்துப் படுத்திருந்தாள். என்னைக் கண்டதும் அவள் கண் என்னைத் தாண்டி வாசலுக்குப் போனது. நான் சுற்றி வந்து அவளுக்கு எதிரில் உட்கார்ந்தேன். மேனேஜரம்மா மறுபடியும் வந்து மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னேன். அவள் கேட்டாளா இல்லையா தெரியவில்லை. கண் வாசலிலேயே இருந்தது.

"அத்தான் எங்கன்னு கேக்கறியா?"

ஒரு தட்டு.

"தூங்கறாருக்கா. உன் கட்டில்ல படுத்துத் தூங்கறாரு. கதவைத் தட்டினேன், எழுந்திருக்கல. போன் போட்டு எழுப்பட்டுமா?"

நான் போனைக் கையில் எடுத்துவிட்டேன். அக்கா என் கையைப் பார்த்தாள். பிறகு கம்பியில் இரண்டு முறை தட்டினாள்.